"எங்கே தங்கப் போகிறீர்கள்?" – வெளிநாட்டு இமிக்ரேஷனில் ஒரு கேள்வி, வீட்டிலேயே செய்ய வேண்டிய தயாரிப்பு

சில மாதங்களுக்கு முன் திருச்சியிலிருந்து கோலாலம்பூர் சென்ற விமானத்தில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஓர் உம்மா தனியாக உட்கார்ந்திருந்தார்கள். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். மகளுக்குப் பேறுகாலம். அதற்காக முதல் தடவையாக விமானம் ஏறியிருக்கிறார்கள். பையில் மருந்துப் பொடி, நல்லெண்ணெய், பேரப்பிள்ளைக்குத் துணி. இறங்கும்போது முகத்தில் அத்தனை சந்தோஷம்.

இமிக்ரேஷன் வரிசையில் அவர்களுக்கு இரண்டு பேர் பின்னால் நான் நின்றேன். கவுன்ட்டரில் இருந்த பெண் அதிகாரி கேட்டது ஒரே கேள்விதான். எங்கே தங்கப் போகிறீர்கள்?

"மக வீட்ல."

"எந்த இடம்?"

"கோலாலம்பூர்ல."

கோலாலம்பூரில் எங்கே என்பதற்கு உம்மாவிடம் பதில் இல்லை. முகவரி மருமகன் அனுப்பிய வாட்ஸ்அப்பில் இருந்தது. போனில் இந்திய சிம். நெட் இல்லை. விமான நிலைய வைஃபையில் எப்படி இணைவதென்று தெரியவில்லை. மகளின் மலேசிய நம்பரும் போனுக்குள் வாட்ஸ்அப்பில்தான். அதிகாரி தன் திரையைப் பார்த்துவிட்டு, பதிவில் ஏதோ ஹோட்டல் பெயர் இருக்கிறதே என்றார். உம்மாவுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. ஊரில் டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் படிவத்தை நிரப்பும்போது, முகவரி கேட்ட இடத்தில் தனக்குத் தெரிந்த ஒரு ஹோட்டலைப் போட்டிருக்கிறார்.

உம்மாவைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார்கள். என் முறை முடிந்ததும் நான் அங்கிருந்த அதிகாரியிடம் அனுமதி கேட்டு, என் போன் மூலம் அந்த போனுக்கு நெட் கொடுத்தேன். மருமகன் வெளியேதான் நின்றுகொண்டிருந்தார். அவர் பேசி, முகவரி சொல்லி, தன் வேலை அனுமதி அட்டையைப் படம் எடுத்து அனுப்பி, எல்லாம் சரியாகி உம்மா வெளியே வர இரண்டரை மணி நேரம் ஆனது. கண்கள் சிவந்திருந்தன. "நான் என்ன தப்பு செஞ்சேன் வாப்பா?" என்று என்னிடம் கேட்டார்கள்.

அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. பாஸ்போர்ட் சரி. திரும்பும் டிக்கெட் இருந்தது. கையில் பணம் இருந்தது. இல்லாதது ஒரு முகவரி மட்டுமே. அதை எழுதிக் கொடுத்திருக்க வேண்டியவர்கள் அவர்களை வழியனுப்பிய நாமும், அங்கே காத்திருந்த பிள்ளைகளும்.

அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஏன் கேட்கிறார்கள்?

விசா இருக்கும்போது, அல்லது விசாவே தேவையில்லை என்று அந்த நாடே சொன்ன பிறகு, எங்கே தங்குகிறாய் என்று ஏன் கேட்க வேண்டும் என நம்மில் பலர் நினைக்கிறோம். விசா என்பது வாசல் வரை வருவதற்கான அனுமதி. உள்ளே விடுவதா, எத்தனை நாளைக்கு என்பதைக் கவுன்ட்டரில் இருப்பவர்தான் முடிவு செய்கிறார். அநேகமாக எல்லா நாடுகளிலும் இதுதான் நடைமுறை.

அந்த அதிகாரிக்கு ஒருவருக்கு ஒதுக்க ஓரிரு நிமிடங்கள்தான் கிடைக்கும். அதற்குள் அவர் தெரிந்துகொள்ள நினைப்பது: இவர் சொல்லும் நோக்கத்துக்குத்தான் வருகிறாரா? இவருக்குப் பொறுப்பானவர் இங்கே யார்? தேவைப்பட்டால் இவரை எங்கே போய்ப் பார்ப்பது? தங்குமிடம் பற்றிய ஒரு கேள்வியிலேயே மூன்றுக்கும் பதில் கிடைத்துவிடும். சுற்றிப் பார்க்க வருபவருக்கு ஹோட்டல் இருக்கும். உறவினரைப் பார்க்க வருபவருக்கு வீட்டு முகவரி இருக்கும். இரண்டும் இல்லாதவரைப் பார்த்தால், விசிட்டில் வந்து வேலைக்கு நிற்கப் போகிறவரோ என்ற சந்தேகம் வருகிறது. நம் பகுதியிலிருந்து அப்படிப் போனவர்கள் நிறைய பேர் என்பதால் அந்தச் சந்தேகத்தை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது.

ஆகவே இந்தக் கேள்வியை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதிகாரி பதிலின் அழகைப் பார்ப்பதில்லை. பதில் பொருந்துகிறதா என்று பார்க்கிறார். விசா விண்ணப்பம், வருகைப் படிவம், கையிலிருக்கும் தாள், நம் வாய். இந்த நான்கிலும் ஒரே முகவரி இருக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

இந்தக் கேள்வி சில நேரம் ஊரிலேயே, திருச்சி அல்லது சென்னை விமான நிலையத்தில் விமான நிறுவனத்தின் கவுன்ட்டரிலேயே வந்துவிடும். அனுமதி மறுக்கப்பட்ட பயணியைத் திருப்பி அழைத்து வரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழுவதால், அவர்களும் போகும் நாட்டின் நிபந்தனைகளைப் பார்த்துத்தான் போர்டிங் பாஸ் தருகிறார்கள்.

மலேசியா: எம்டிஏசி படிவம்

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாட்கள் வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. விசா இல்லை என்றதும் எந்தத் தாளும் வேண்டாம் என்று பலர் எண்ணிவிட்டார்கள். திரும்பும் டிக்கெட், தங்குமிட விவரம், செலவுக்குப் பணம் ஆகிய மூன்றையும் கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது.

இதோடு 2024 ஜனவரி 1 முதல் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டை, அதாவது எம்டிஏசி, கட்டாயம். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் இல்லை. இதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது மலேசிய அரசின் தளம் அல்ல. அரசுத் தளத்தின் முகவரி 'ஜி-ஓ-வி புள்ளி எம்-ஒய்' என்று முடியும்.

அந்தப் படிவத்தில் தங்குமிடத்துக்கென்று ஒரு பகுதி உண்டு. ஹோட்டலா, உறவினர் அல்லது நண்பர் வீடா, வேறு இடமா என்று முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு முகவரி, மாநிலம், ஊர், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு. மகள் வீட்டுக்குப் போகிறவர் 'உறவினர் வீடு' என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். 'ஹோட்டல் என்று போட்டால் கேள்வி வராது' என்று சில ஏஜென்ட்டுகள் சொல்வார்கள். மேலே சொன்ன உம்மாவுக்கு நடந்தது அதனால்தான்.

படிவத்தை ஏஜென்ட் நிரப்பினாலும், அனுப்புவதற்கு முன் நீங்கள் ஒரு தடவை வாசியுங்கள். அனுப்பிய பிறகு ஒரு பிரதி வாங்கி, தாளில் அச்செடுத்துப் பயணியின் கையில் கொடுங்கள்.

சிங்கப்பூர்: முகவரியில் எண்கள் முக்கியம்

சிங்கப்பூருக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டும். உறவினர் அழைக்கிறார் என்றால், 21 வயது நிறைந்த சிங்கப்பூர் குடிமகனோ நிரந்தரவாசியோ வி39ஏ என்ற அறிமுகப் படிவத்தைத் தந்து விண்ணப்பிக்கும் முறை உண்டு. அந்தப் படிவத்தைத் தந்தவரின் பெயரும் முகவரியும் பயணிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து எஸ்ஜி வருகை அட்டை. 2020 மார்ச் மாதம் பழைய வெள்ளைத் தாளுக்குப் பதிலாக வந்தது இது. வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். இதுவும் இலவசம். இது விசா அல்ல. இரண்டும் தனித்தனி. அரசுத் தளத்தின் முகவரி 'ஜி-ஓ-வி புள்ளி எஸ்-ஜி' என்று முடியும்.

சிங்கப்பூர் முகவரியில் நம்மவர்கள் தடுமாறுவது எண்களில். 'புளோக்' எண் என்பது கட்டடத்தின் எண். #08-123 என்றால் எட்டாவது மாடியில் 123ஆம் எண் வீடு. அங்கே தரைத்தளமே முதல் மாடி. கடைசியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு. அநேகமாக ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி அஞ்சல் குறியீடு இருப்பதால் ஓர் எண் மாறினாலும் வேறு கட்டடமாகிவிடும். 'தம்பி வீடு தெம்பனிஸ்ல' என்று சொல்வது, 'மாமி வீடு மதுரைல' என்று சொல்வது போலத்தான்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரில் அரசு அடுக்குமாடி வீடுகளான எச்டிபி வீடுகளைக் குறுகிய நாட்களுக்கு வாடகைக்கு விடக் கூடாது. குறைந்தது ஆறு மாதம். தனியார் வீடுகளுக்குக் குறைந்தது மூன்று மாதம். எனவே 'நம்மாளு வீட்ல ஒரு ரூம், நாளைக்கு இவ்வளவு' என்று யாராவது மலிவாகத் தருவதாகச் சொன்னால் அந்த முகவரியை நம்பிப் போகாதீர்கள். உறவினர் வீட்டில் விருந்தாளியாகத் தங்குவது வேறு. காசு கொடுத்துத் தங்குவது வேறு.

உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள்

நம் குடும்பங்களில் அதிகம் நடப்பது இந்தப் பயணம்தான். தடுமாற்றம் அதிகம் வருவதும் இதில்தான்.

*பெயர்.* நம் ஊர்களில் வீட்டுப் பெயர் ஒன்று, பாஸ்போர்ட் பெயர் ஒன்று. மருமகனை வீட்டில் 'தம்பிவாப்பா' என்றுதான் கூப்பிட்டிருப்போம். முழுப் பெயர் மாமியாருக்கே சரியாகத் தெரியாது. கவுன்ட்டரில் 'யார் வீடு?' என்று கேட்டதும் வீட்டுப் பெயர்தான் வாயில் வரும். படிவத்திலோ வேறு பெயர் இருக்கும். எனவே அழைப்பவரின் பெயரை அவருடைய அடையாள அட்டையில் உள்ளபடி எழுதிக் கொடுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களாக இருந்தால் நான்கு தடவை சொல்லச் சொல்லிப் பழக்குங்கள்.

*உறவு.* பெரியம்மா மகனை 'மகன்' என்றும், சாச்சா மகளைத் 'தங்கச்சி' என்றும் சொல்வது நம் வழக்கம். அதிகாரிக்கு மகன் என்றால் சொந்த மகன். பிறகு தகப்பன் பெயர் ஒத்துப்போகாதபோது குழப்பம் வரும். அக்கா மகனா, அண்ணன் மகளா என்று உள்ளபடி சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும்.

*கடிதம்.* அழைப்பவர் ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினால் நல்லது. இன்னார் எனக்கு இன்ன உறவு, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என் வீட்டில் தங்குவார், முகவரி இது, என் போன் நம்பர் இது. இவ்வளவு போதும். கூடவே அவருடைய அடையாள அட்டை அல்லது வேலை அனுமதி அட்டையின் நகல். அந்த நகலில் 'இன்னாருடைய பயணத்துக்காக' என்று குறுக்கே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நகல்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்ற வேண்டாம்.

*இரண்டு வீடு.* முதல் பத்து நாள் மகள் வீடு, பிறகு மகன் வீடு என்றால், படிவத்தில் முதலில் போய்த் தங்கும் வீட்டைப் போடுங்கள். இரண்டாவது முகவரியும் தாளில் இருக்கட்டும். கேட்டால் சொல்லலாம்.

*அழைப்பவர் போனை எடுக்க வேண்டும்.* விமானம் இறங்கியதிலிருந்து பயணி வெளியே வரும்வரை அவர் போன் கையில் இருக்க வேண்டும். தெரியாத நம்பரிலிருந்து வரும் அழைப்பையும் எடுக்க வேண்டும். அது இமிக்ரேஷன் அறையிலிருந்து வரும் அழைப்பாகவும் இருக்கலாம்.

எந்த முகவரியைக் கொடுக்கக் கூடாது?

மலேசியாவில் நம்மவர்களின் உணவகங்கள் ஏராளம். உறவினர் அங்கே வேலை செய்கிறார், கடைக்கு மேல்மாடியில் தங்கியிருக்கிறார் என்பதால் கடை முகவரியையே தங்குமிடமாகப் போடுகிறவர்கள் உண்டு. அதிகாரி அதைப் பார்த்தவுடன் நினைப்பது, இவர் இந்தக் கடைக்கு வேலைக்கு வருகிறார் என்பதுதான். உண்மையிலேயே பார்க்கத்தான் போகிறீர்கள் என்றாலும் அந்த முகவரி உங்களுக்கு எதிராகப் பேசும்.

பிள்ளை தொழிலாளர் விடுதியில் இருந்தால் அங்கேயும் விருந்தாளியைத் தங்க வைக்க முடியாது. அப்படிப்பட்ட சூழ்நிலையில் பக்கத்தில் ஒரு ஹோட்டல் பார்த்து, அதை உண்மையாகவே பதிவு செய்துகொள்வதுதான் வழி. நாலு நாள் தங்கினாலும் நிம்மதியாகத் தங்கலாம்.

பள்ளிவாசலிலோ மர்கஸிலோ தங்குவதாகச் சொல்வதென்றால், அந்த இடத்தின் முழு முகவரியும் பொறுப்பாளரின் கடிதமும் கையில் இருக்க வேண்டும். பல நாடுகளில் மார்க்கப் பணிக்கும் சுற்றுலாவுக்கும் அனுமதி வெவ்வேறு. எந்த அனுமதியில் போகிறோம் என்று புறப்படும் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

ஹோட்டல் பதிவு: உண்மையாக இருக்கட்டும்

'டம்மி புக்கிங்' என்று ஒன்று ஊரில் விற்கிறார்கள். சில நூறு ரூபாய்க்கு ஹோட்டல் பதிவு போன்ற ஒரு தாள். அதிகாரி சந்தேகப்பட்டால் அந்த ஹோட்டலுக்கு ஒரு போன் செய்தால் போதும். அங்கே அப்படி ஒரு பெயரே இல்லை என்றால், அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். பொய்யான தாள் காட்டியதாகப் பதிவானால் அடுத்த பயணங்களிலும் அது கூடவே வரும்.

செலவைக் குறைக்க வேண்டுமானால் கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியுள்ள உண்மையான பதிவைச் செய்யலாம். ஆனால் ஊரில் பதிவு செய்து, விமானம் ஏறுமுன் ரத்து செய்துவிட்டு, பழைய தாளைக் காட்டுவதும் அதே பொய்தான்.

பதிவில் பயணம் செய்யும் பெரியவர்கள் அனைவரின் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். குடும்பத்தோடு போகும்போது காக்கா பெயரில் மட்டும் அறை பதிவாகியிருக்கும். லாத்தாவும் பிள்ளைகளும் வேறு வரிசையில் நின்றால் அவர்கள் கையில் எந்தத் தாளும் இருக்காது. ஆளுக்கொரு நகல் கொடுத்துவிடுங்கள்.

வழியில் இறங்கி ஏறுபவர்கள்

சிங்கப்பூர், கோலாலம்பூர் வழியாக வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் இமிக்ரேஷனைத் தாண்டாமல் அடுத்த விமானம் ஏறினால், அங்கே வருகை அட்டையும் வேண்டாம், முகவரியும் வேண்டாம்.

ஆனால் மலிவாக இருக்கிறதென்று இரண்டு தனித்தனி டிக்கெட் வாங்கியிருந்தால் கதை வேறு. பெட்டியை எடுத்து மறுபடியும் செக்-இன் செய்ய வேண்டும் என்றால், இமிக்ரேஷனைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். அப்போது நீங்கள் அந்த நாட்டுக்குள் நுழைபவர். விசா வேண்டிய நாடென்றால் விசாவும், வருகை அட்டையும், இடையில் இரவு வந்தால் தங்குமிடமும் வேண்டும். டிக்கெட் வாங்கும்போதே 'பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போகுமா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய விமான நிலையங்கள் சிலவற்றில் இமிக்ரேஷனைத் தாண்டாமலேயே தங்கும் டிரான்சிட் ஹோட்டல் உண்டு. நகருக்குள் இருக்கும் ஹோட்டலைப் பதிவு செய்துவிட்டு, வெளியே விடமாட்டேன் என்கிறார்களே என்று நிற்க வேண்டாம்.

மற்ற நாடுகள், சுருக்கமாக

*தாய்லாந்து:* 2025 மே 1 முதல் டிடிஏசி என்ற டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். இதுவும் மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டியது, இலவசம். வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரரோ ஹோட்டலோ அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். உறவினர் வீடு என்றால் அவரிடம் இதை நினைவூட்டுங்கள்.

*துபாய்:* 2024இல் விசிட் விசாவில் சென்றவர்களிடம் திரும்பும் டிக்கெட், தங்குமிடச் சான்று, செலவுக்குப் பணம் ஆகியவற்றைப் பார்ப்பது கடுமையானது. உறவினர் வீடு என்றால் அவருடைய எமிரேட்ஸ் ஐடி, விசா நகல், வீட்டு வாடகை ஒப்பந்தம் ஆகியவை கேட்கப்படலாம். ஐந்தாறு பேர் சேர்ந்து 'பெட்-ஸ்பேஸ்' எடுத்திருக்கும் அறைகளில் ஒப்பந்தம் வேறு யாருடைய பெயரிலோ இருக்கும். அதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

*உம்ரா:* 2025 ஜூனில் தொடங்கிய ஹிஜ்ரி 1447 பருவத்திலிருந்து, தங்குமிட ஒப்பந்தம் நுசுக் அமைப்பில் பதிவான பிறகே உம்ரா விசா என்ற நடைமுறை வந்துவிட்டது. எனவே பயணக் குழு நடத்துபவரிடம் 'ஹரமுக்குப் பக்கத்துல' என்ற பதிலோடு நிற்காமல், மக்காவிலும் மதீனாவிலும் ஹோட்டலின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். தவாஃப் முடித்துக் கூட்டத்தில் வழி தவறும் வயதானவர்களுக்கும் அந்தத் தாள்தான் துணை.

*ஐரோப்பா, அமெரிக்கா:* தங்குமிடச் சான்று அல்லது அழைப்பவரின் கடிதத்தை எல்லையில் கேட்கலாம் என்பது ஷெங்கன் நாடுகளின் எல்லை விதிகளிலேயே இருக்கிறது. அமெரிக்கா செல்லும் பயணிகளிடம் அங்கே தங்கும் முகவரியை விமான நிறுவனமே முன்கூட்டிக் கேட்டு வாங்கி அனுப்புகிறது.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு

இந்தக் கேள்வியை அதிகாரி கேட்பதற்கு முன் நாம் ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டும். "பையன் முதல் ராத்திரி எங்கே தூங்குவான்? அந்த இடத்தின் முகவரி என்ன? அங்கே பொறுப்பானவர் யார்?"

'விமான நிலையத்துல ஆள் வந்து கூட்டிட்டுப் போவார்' என்பது இதற்குப் பதில் அல்ல. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டு இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய செய்திகள் 2022இல் வந்தது நினைவிருக்கும். சுற்றுலாப் பயணியாகப் போ, கேட்டால் இந்த ஹோட்டல் பெயரைச் சொல் என்று ஏஜென்ட் பாடம் சொல்லிக் கொடுத்தால், அந்தப் பயணத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள். வேலைக்குப் போகிறவர் வேலை விசாவில் போக வேண்டும். ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம்.

கவுன்ட்டரில் நிற்கும்போது

கேட்டதற்கு மட்டும் பதில். சுருக்கமாக, உள்ளதை உள்ளபடி. "மகள் வீடு. முகவரி இதில் இருக்கிறது" என்று சொல்லித் தாளை நீட்டினால் போதும். மொழி புரியாவிட்டால் தலையாட்டாதீர்கள். தெரியாத கேள்விக்கு 'எஸ்' என்று சொல்வதுதான் பெரிய ஆபத்து. "தமிழ்" என்று சொல்லி நில்லுங்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் தெரிந்த ஊழியர்கள் பலர் இருக்கிறார்கள். பின்னால் நிற்கும் பயணியும் உதவுவார்.

தனி அறைக்கு அழைத்துப் போனால் பதற வேண்டாம். அது கைது அல்ல. கூடுதலாக விசாரிக்கிறார்கள். அழைப்பவரின் நம்பரைக் காட்டி, போன் செய்ய அனுமதி கேளுங்கள். வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துக் கேட்டால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று விளக்கச் சொல்லுங்கள். வெளியே காத்திருக்கும் உறவினர், நேரம் அதிகமானால் விமான நிறுவனத்தின் கவுன்ட்டரில் விசாரிக்கலாம். தேவைப்பட்டால் இந்தியத் தூதரகத்தையும் அணுகலாம். யாராவது 'உள்ளே ஆள் தெரியும், இவ்வளவு கொடு' என்று வந்தால் காசு கொடுக்காதீர்கள்.

அந்த ஒரு தாள்

போன் சார்ஜ் இறங்கும். நெட் இருக்காது. பதற்றத்தில் விரல் நடுங்கும். தாளுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. பெரிய எழுத்தில், ஆங்கிலத்தில், ஒரே பக்கத்தில் இவற்றை எழுதிக் கொடுங்கள்:

1. பயணியின் பெயர், பாஸ்போர்ட்டில் உள்ளபடி. பாஸ்போர்ட் எண்.
2. தங்கும் வீடு அல்லது ஹோட்டலின் முழு முகவரி. கட்டட எண், மாடி, கதவு எண், தெரு, அஞ்சல் குறியீடு உட்பட.
3. அழைப்பவரின் முழுப் பெயர், என்ன உறவு, அந்த நாட்டு போன் நம்பர். இரண்டாவதாக இன்னொருவரின் நம்பர்.
4. வரும் விமானம், தேதி. திரும்பும் விமானம், தேதி.
5. எத்தனை நாள், என்ன காரணம். ஒரே வரியில்.
6. ஊரில் உள்ள ஒருவரின் பெயர், நம்பர்.

இதன் பின்னால் வருகை அட்டையின் பிரதி, திரும்பும் டிக்கெட், அழைப்புக் கடிதம் அல்லது ஹோட்டல் பதிவு ஆகியவற்றைச் சேர்த்துப் பின் போட்டுவிடுங்கள். இன்னொரு பிரதி கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டிக்குள் வைத்தால் பயனில்லை. அந்தப் பெட்டி இமிக்ரேஷனுக்கு அப்புறம்தான் கைக்கு வரும்.

தாளைக் கொடுத்துவிட்டு அத்தோடு விட்டுவிடாதீர்கள். புறப்படும் முதல் நாள் இரவு, சாமான் கட்டி முடித்த பிறகு, உம்மாவை உட்கார வைத்துப் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். நீங்கள் அதிகாரியாக இருந்து கேளுங்கள். "எங்கே போறீங்க? யார் வீடு? அவங்க முழுப்பேர் என்ன? எத்தனை நாள்?" முதல் தடவை சிரிப்பார்கள். இரண்டாவது தடவை தடுமாறுவார்கள். மூன்றாவது தடவை சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

அந்தக் கோலாலம்பூர் உம்மா வெளியே வந்ததும் மகளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நிறைமாதப் பெண் பாவம், அவளும் நின்ற இடத்திலேயே அழுதாள். மருமகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அட்ரஸ் அனுப்பிட்டோமேன்னு இருந்துட்டேன் காக்கா" என்றார். அனுப்பியது போனுக்கு. உம்மா கையில் அது இல்லை.

இந்த மாதம் உங்கள் வீட்டிலிருந்து யாராவது பயணம் புறப்படுகிறார்கள் என்றால், இன்றைக்கே ஒரு வெள்ளைத் தாள் எடுத்து அந்த முகவரியை எழுதுங்கள்.